நாலு நாள், ஐந்து நகரம், ஒரு 'ஊரு'

இந்தியாவுக்குப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு எங்கள் கையில் ஒரு பட்டியலைத் தந்துவிட்டார்கள். டியூஷன் டீச்சர் தஞ்சாவூரைச் சொன்னார். கோயில் ஐயா ராமேஸ்வரத்தைச் சொன்னார். கூடப் படித்தவர்கள் கொடைக்கானல் என்றார்கள். பக்கத்து லயத்து அக்கா மதுரையில் சுங்குடிச் சேலை வாங்கிவரச் சொல்லி, காசையும் கையில் திணித்தார்.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேருமே மாத்தளை மாவட்டம்: ஒருத்தி ரத்தோட்டை, ஒருத்தி உக்குவளை, ஒருத்தி எல்கடுவ. இந்திய அரசின் புலமைப்பரிசிலில் சென்னையில் கலைப் பிரிவில் படிக்கிறோம். இருவருக்கு வரலாறு, ஒருத்திக்குத் தமிழ். வெளிநாட்டில் படிக்கிறவர்கள் ஊர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் வருகைப்பதிவு, அசைன்மென்ட், ஹொஸ்டல் கேட் மூடும் நேரம் எல்லாம் போக மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்குத் துணி துவைக்க வேண்டும். முதல் வருஷம் முழுக்க நாங்கள் பார்த்தது மெரினாவும் மகாபலிபுரமும்தான்.

இரண்டாம் வருஷத்தில் பரீட்சைக்கும் அடுத்த செமஸ்டருக்கும் இடையில் நாலு நாள் கிடைத்தது. ஆளுக்கு ஐயாயிரம் இந்திய ரூபா ஒதுக்கினோம். எங்களில் ஒருத்தி கூகுள் ஷீட் போட்டாள்: திருச்சி, தஞ்சாவூர், கொடைக்கானல், மதுரை, ராமேஸ்வரம். எந்த ரயில், எந்த பஸ், எத்தனை மணி, எவ்வளவு செலவு என்று கட்டம் கட்டமாக நிரப்பினாள்.

அந்த ஷீட்டைக் குழப்பியது ரத்தோட்டையிலிருந்து வந்த ஒரு வொய்ஸ் மெசேஜ். எங்களில் ஒருத்தியின் அம்மாயி. நாங்கள் மூவருமே அவரை அம்மாயி என்றுதான் கூப்பிடுவோம். "அதெல்லாம் நல்லா பாருங்க புள்ளைகளா. அப்டியே ஊரையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். வயசாளிகள் 'ஊரு' என்றால் அது தோட்டம் இல்லை, மாத்தளை டவுனும் இல்லை. அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமம். பல பேர் அதைப் பார்த்ததே இல்லை. அம்மாயி பிறந்தது ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில். அவருடைய அப்பா சின்னப் பையனாகக் கங்காணியோடு வந்தவர். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அம்மாயியின் அண்ணன் 1973இல் அந்த ஊருக்கே திரும்பிப் போனார். சில வருஷம் கடிதம் வந்தது. 1983க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கடைசிக் கடிதத்தின் உறையை அம்மாயி தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் தெளிவாக இருந்தது. அப்பா சொல்லிக் கேட்ட மூன்று அடையாளங்களையும் அம்மாயி சொன்னார்: ஒரு பெரிய கண்மாய், மண்குதிரை வைத்த ஐயனார் கோயில், வரிசையாகப் பனைமரம்.

அண்ணன் ஏன் போனார் என்பதை வரலாறு படிக்கிற எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரித்தது தலைகளைத்தான், குடும்பங்களை யாரும் எண்ணவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அம்மாயி கல்யாணம் கட்டிய குடும்பம் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தது.

ஆனாலும் எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கிராமத்துக்கு ஒரு நாள் கொடுத்தால் கொடைக்கானல் போய்விடும். "ஐம்பது வருஷத்துக்கு முந்தின விலாசம். ஆள் இல்லாட்டி என்ன செய்றது? படிப்பு முடிஞ்சா திரும்ப இந்தப் பக்கம் வருவோமா? ஒரு நாளை வீணாக்கணுமா?" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் மூவருடைய வீட்டிலும் விமான டிக்கட் என்பது பல மாதச் சம்பளம். மற்றவள் சொன்னாள்: "கொடைக்கானல் எங்கயும் போகாது. அம்மாயிக்கு எழுபத்தெட்டு." இரண்டுக்கு ஒன்று என்று கொடைக்கானலை வெட்டினோம். மலையும் பனியும் தேயிலையும் நாங்கள் பார்க்காததா என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டோம்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறி விடியற்காலை திருச்சி. பல் துலக்கி, முகம் கழுவி, பைகளை ஸ்டேஷனில் வைத்துவிட்டு நேரே மலைக்கோட்டை. நானூறுக்கும் மேற்பட்ட படிகள். எல்கடுவக்காரி மூச்சு வாங்காமல் ஏறி, மேலே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். காவிரியைப் பார்த்தோம், இறங்கினோம், பஸ் ஏறினோம்.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: தமிழ்நாட்டில் பெரிய கோயில்கள் பலவற்றில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். நாலு மணி போலத்தான் திறப்பார்கள். நேரம் குறைந்தவர்களின் பட்டியலைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். அதனால் தஞ்சாவூரில் மதியத்தை அரண்மனைக்குக் கொடுத்து, பெரிய கோயிலை மாலைக்கு வைத்தோம். நல்ல முடிவு. வெயில் சாய்ந்த பிறகு அந்தக் கல்லின் நிறமே வேறு.

1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த கோயில். விமானம் 200 அடிக்கு மேல். பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் சரிதான். ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது சுவரில் இருந்த கல்வெட்டுகள். ஈழத்தில் இருந்த சில ஊர்களின் வருமானம் இந்தக் கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டதாக அவை சொல்கின்றன. எங்கள் பள்ளிக்கூட வரலாற்றில் சோழர் என்றால் படையெடுத்து வந்தவர்கள். இங்கே எங்களுக்கு முன்னால் நடந்த பிள்ளைகள் "நம்ம ராஜராஜன்" என்று பேசிக்கொண்டு போனார்கள். நாங்கள் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது? கோயில் அழகாக இருந்தது. எங்கள் கேள்வியும் தீரவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு வெளியே வந்து ரோஸ்மில்க் குடித்தோம்.

இரண்டாம் நாள் காலை புதுக்கோட்டை. ஊரைத் தேடுமுன் சித்தன்னவாசல். மாத்தளை மாவட்டக்காரர்களுக்கு இதை விட மனமில்லை. சிகிரியா எங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது. கல்லில் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சிகிரியாவில் அப்சரஸ்கள், இங்கே சமணக் குகையின் கூரையில் ஒரு தாமரைக் குளம்: மீன், அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். நிறைய அழிந்துவிட்டது. இருப்பதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம்: இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் சார்க் நாட்டவருக்கு இந்தியர் கட்டணம்தான். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். சிகிரியாவில் வெளிநாட்டவர் முப்பது டொலருக்கு மேல் கட்டுவதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

ஆனால் அதே பாஸ்போர்ட் இன்னொரு இடத்தில் வேறு மாதிரி வேலை செய்தது. இந்தப் பயணத்தில் ஒரு நகரத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். தமிழில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "சிலோனா? நமக்கு இல்லம்மா" என்று சாவியைத் திரும்ப மாட்டினார். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 'சி' படிவம் பதிய வேண்டும். சின்ன லாட்ஜ்கள் அந்தத் தொல்லையை விரும்புவதில்லை. அது சட்டம், எங்களுக்கும் புரிகிறது. இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது இடம் தேடி நடந்தபோது நாங்கள் மூவரும் பேசவில்லை. எங்கள் தாத்தாமார் கேட்டும் கிடைக்காத பாஸ்போர்ட் இது. முன்கூட்டியே போன் பண்ணி, "இலங்கை பாஸ்போர்ட், தங்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். நாலு நாள் பயணத்தில் ஒரு மணித்தியாலம் என்பது சும்மா இல்லை.

அந்தக் கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புதுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ். கண்டக்டர் எங்களிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மூன்று இலவச டிக்கட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாயி சொன்ன அடையாளத்தைத் தேடினோம். கண்மாய் வந்தது. மண்குதிரை வந்தது. பனைவரிசை வந்தது. அடுத்த ஊரிலும் மூன்றும் வந்தன. அதற்கடுத்த ஊரிலும் வந்தன. புதுக்கோட்டைச் சீமை முழுக்கக் கண்மாயும் ஐயனாரும் பனையும்தான். அம்மாயியின் அப்பா தன் மகளுக்குச் சொல்லிவிட்டுப் போனது ஒரு ஊரின் அடையாளம் இல்லை, ஒரு மாவட்டத்தின் அடையாளம். உறையில் பெயர் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் அந்த பஸ்ஸில்தான் இருந்திருப்போம்.

இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை. "அண்ணே, மூணு பிளேன்டீ" என்றோம், பழக்கதோஷம். கடைக்காரர் முழித்தார். பெஞ்சில் பையை மடியில் வைத்திருந்த ஒரு வயசான அம்மா, "பால் ஊத்தாத டீ கேக்குதுங்கப்பா" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எந்தத் தோட்டம்டி நீங்க?" என்றார்.

எந்த ஊர், எந்த நாடு என்றெல்லாம் இல்லை. எந்தத் தோட்டம்.

அவர் பதுளைப் பக்கம். 1974இல் இருபது வயதில் அப்பா அம்மாவோடு வந்தவர். அந்த ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள், நாங்கள் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் அதில் ஏறியவர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், பிறகு இந்த ஊர். ஐம்பது வருஷமாக இங்கே இருக்கிறார், இங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஓட்டும் போடுகிறார். ஊரில் அவருக்குப் பெயர் 'சிலோன் பாட்டி'. "அங்க இந்தியாக்காரின்னாங்க, இங்க சிலோன்காரின்னாங்க. நான் என்ன செய்ய?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிக்க வரவில்லை. மாத்தளை அம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு இன்னும் ஐந்து தேரும் இழுக்கிறார்களா என்று கேட்டார். இழுக்கிறார்கள் என்றோம். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பார்த்தாராம்.

அவரே எங்களை அம்மாயியின் பங்காளி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுப் பெரியவர் மரியாதையாக உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார். சும்மா பார்க்க என்றோம். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் சிலோன் பாட்டி எங்கள் காதில் சொன்னார்: "நெலத்துல பங்கு கேட்டு வந்தீங்களோன்னு பயப்படுறாரு."

அப்போதுதான் எங்களுக்கு அந்த அண்ணனின் கதையும் விளங்கத் தொடங்கியது. 1973இல் அவர் வந்து நின்றபோதும் இந்தத் திண்ணையில் இதே கேள்வி இருந்திருக்கும். எங்கள் கையில் திரும்பிப் போகும் டிக்கட் இருந்தது. அவர் கையில் இல்லை.

நாங்கள் போனைத் திறந்து ரயில் டிக்கட்டைக் காட்டினோம். நாளை மறுநாள் மாலை ராமேஸ்வரத்தில் ரயில், அதற்கு அடுத்த நாள் கிளாஸ். அவர் கண்ணாடி போட்டுத் திகதியைப் பார்த்தார். முகம் இளகியது. "அட, அவ்வளவு அவசரமா? ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கம்மா" என்றார். பயணம் முழுக்க நேரம் இல்லை, நேரம் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் எங்களுக்கு நற்சாட்சிப் பத்திரமே அந்த நேரமின்மைதான்.

சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தைக் கேட்டோம். அண்ணன் இங்கே இரண்டு வருஷம் இருந்தார். தாயகம் திரும்பியோருக்கு அரசாங்கம் கொடுத்த வியாபாரக் கடனில் ஒரு பெட்டிக்கடை போட்டார். அதுவரை கொழுந்தும் கவ்வாத்தும் மட்டுமே தெரிந்த ஆள். கடை ஓடவில்லை. யாரோ சொல்லி நீலகிரிக்குப் போனார். கோத்தகிரிப் பக்கம். அங்கே தாயகம் திரும்பியோருக்காக அரசாங்கமே தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. அதற்குப் பிறகு தகவல் இல்லை. "ஒரு தடவ கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. எங்க வச்சோம்னு தெரியல" என்றார் பெரியவர்.

ஐயனார் கோயிலில் போட்டோ எடுத்தோம். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் சிலோன் பாட்டி எங்கள் கையில் ஒரு பை கடலையைத் திணித்தார். அம்மாயிக்காம். விமானத்தில் கொண்டுபோக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டோம்.

அன்றிரவு மதுரையிலிருந்து அம்மாயிக்கு வீடியோ கோல் எடுத்தோம். குதிரையைக் காட்டினோம், கண்மாயைக் காட்டினோம். "அதேதான், அதேதான்" என்றார், பார்த்தவர் மாதிரியே. பிறகு அண்ணன் கோத்தகிரிக்குப் போன கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தோம்.

"அங்கயும் தேயிலதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

மூன்றாம் நாள் மதுரை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். முதலில் சலித்துக்கொண்டோம், உள்ளே போனதும் அதுவே நல்லதாகப்பட்டது. எங்கள் முழுப் பயணத்திலும் கண்ணால் மட்டும் பார்த்த இடம் அதுதான். திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கு நடுவில் நின்றபோது கண்டி ஞாபகம் வந்தது. கண்டி அரசர்கள் மதுரையில் பெண்ணெடுத்ததும், 1739இல் அந்த உறவு வழியாகவே நாயக்கர் வம்சம் கண்டிச் சிம்மாசனம் ஏறியதும் ஏ.எல். வரலாற்றில் படித்தது. அரசர்கள் கடல் தாண்டினால் அது திருமண உறவு. எங்கள் ஆட்கள் தாண்டினால் ஆள்கணக்கு. சுங்குடிச் சேலையும் வாங்கினோம், சொன்ன நிறத்திலேயே.

நாலாம் நாள் விடிய ராமேஸ்வரம் ரயில். மண்டபத்தைக் கடந்தபோது மூவரும் ஒரே ஜன்னலில். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைப் பரிசோதித்து அனுப்பிய முகாம் அங்கேதான் இருந்தது. திரும்பி வந்தவர்களும் அங்கே தங்கினார்கள். 1980களிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களும் அங்கேதான். போக, வர, தப்ப, எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது பக்கத்தில் 1914ஆம் ஆண்டின் பழைய பாலம் தெரிந்தது. அந்தப் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு எழும்பூரில் ஏறியவர் கொழும்பு வரை ரயிலும் கப்பலுமாகப் போய்விடலாம். அதற்கும் முந்திய கோப்பிக் காலத்தில் படகில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. 2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரில் ஜூலை 28 தொடங்கிய நடைபயணம் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது ஓகஸ்ட் 12இல். டவுனில் நின்று அவர்களை வரவேற்ற கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். அப்போது அந்த வழியின் ஒரு முனையை மட்டும்தான் பார்த்திருந்தோம்.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அந்த ஊர் போனது. திகதியைப் பாருங்கள். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் திருப்பி எடுக்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர்கள் வந்து இறங்க வேண்டிய துறைமுகமே கடலில் போய்விட்டது. அதனால்தான் சிலோன் பாட்டியின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. அரிச்சல்முனையில் நின்று எதிர்ப் பக்கத்தைப் பார்த்தோம். தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம். கண்ணுக்குத் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. ரத்தோட்டையிலிருந்து உக்குவளைக்குப் போய்வருகிற தூரம், அவ்வளவுதான். நாங்கள் வீட்டுக்குப் போவதோ சென்னைக்குத் திரும்பி விமானம் ஏறித்தான்.

மாலை எழும்பூர் ரயிலில் ஏறினோம். கப்பல் நின்று நாற்பது வருஷமாகிறது. அந்த ரயிலின் பெயர் இன்னும் 'போட் மெயில்'தான்.

நாலு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: ஐந்து நகரம் பார்க்கலாம், கோயில் நேரமும் லாட்ஜும் முதலே தெரிந்தால் சிரமமில்லை. தஞ்சாவூரையும் மதுரையையும் உங்களுக்குக் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் போகாவிட்டால் வேறு யாரும் போகப்போவதில்லை என்கிற இடம் பட்டியலில் ஒன்றாவது இருந்தால், முதலில் அதற்கொரு நாளை எடுத்து வையுங்கள். மிச்ச நாளில் மற்றதைப் பிரியுங்கள். மலையகத்துப் பிள்ளைகள் இப்போது அந்தப் பக்கம் படிக்கப் போகிறோம். எங்கள் வீடுகளில் இன்னும் தகரப் பெட்டி இருக்கிறது, உறை இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல அம்மாயிமார் இன்னும் கொஞ்ச காலம்தான் இருப்பார்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஷீட் போட்டாயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு வழி: ஒன்று குன்னூர், இன்னொன்று கோத்தகிரி. நாங்கள் கோத்தகிரி வழி. அண்ணன் இருந்தால் எண்பத்தைந்து வயதுக்குக் கிட்ட இருப்பார். இல்லாவிட்டாலும் அந்தக் கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள். ஷீட்டில் ஊட்டிக்கு நேரம் எழுதியிருக்கிறோம். கோத்தகிரிக்கு நேரக் கட்டம் காலியாக இருக்கிறது.